பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இப்போதெல்லாம் அக்டோபர் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கும் என்று ஆனபிறகு, சென்னையில் வேலை பார்க்கும் நடுவுள்ளவனும், கணவரோடு பெங்களூரில் இருக்கும் மூத்தவளும், இங்கே பதினொன்றாம் வகுப்பு படிக்கும் இளையவளும் காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு கைப்பேசியோடு காத்திருந்து, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ வேறு வண்டியிலோ இடம் பிடிக்கப் போராடுகிறார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான அட்வென்ட்டின் முதல் ஆராதனை எங்கள் வீட்டில் அந்த எட்டு மணிதான் என்று என் மனைவி கேலி செய்வதுண்டு.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது இந்தப் பண்டிகையின் மொத்தப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஒரே துணியில் எல்லோருக்கும் சட்டை தைக்கக் கொடுப்பதும், குடிலுக்காகச் சிரட்டைகளில் நெல் முளைக்கவைப்பதும், 25-ஆம் தேதி விடியற்காலை நான்கு மணி ஆராதனைக்குத் தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதும் நானே. இதில் ஒரே துணிச் சட்டை என்றைக்கோ நின்றுவிட்டது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் நாங்கள் ஐவரும் ஒரு பேண்டு வாத்தியக் குழு போலத்தான் இருக்கிறோம்.

நட்சத்திரத்தின் கதை வேறு. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது என்பதாலோ என்னவோ, வாசலில் நட்சத்திரம் தொங்காத வீட்டைக் கிறிஸ்தவர் வீடு என்று எங்கள் பக்கத்தில் யாரும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. மூங்கிலைக் கீறி, ஐந்து குச்சிகளில் ஒரு முகமும் இன்னோர் ஐந்தில் மறுமுகமும் கட்டி, முனைகளை இணைத்து, நடுவில் சிறு குச்சிகளைக் கொடுத்து உப்பவைத்து, வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு தொங்கவிடும் வேலையை என் அப்பாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்து, ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து, கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாத அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் யாருக்கும் நட்சத்திரம் கட்ட மனம் வரவில்லை. மறு ஆண்டு, பதினைந்து வயதாகியிருந்த மகன் கடையிலிருந்து எல்.இ.டி. நட்சத்திரம் ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிட்டான். ஓராண்டு விட்ட வழக்கத்தைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூங்கில் குச்சிகள் பரணில் கிடந்தன, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

2022-இல் இளையவள் அந்தக் குச்சிகளை எடுத்து, யாரையும் கேட்காமல் தானே ஒரு நட்சத்திரம் கட்டினாள். ஐந்து முனைகளும் ஐந்து அளவில் இருந்தன. கட்டை அவிழ்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று நான் எழுந்தபோது என் மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அது கோணலாகவே தொங்கியது, அடுத்த ஆண்டு கோணல் குறைந்தது, இப்போது அவள் கட்டும் நட்சத்திரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ள மட்டும் கூப்பிடுகிறாள்.

எந்த மனத்தாங்கலும் இல்லாமல் இன்றுவரை நிலைத்திருப்பது முந்திரிக்கொத்து ஒன்றுதான். எங்கள் மாவட்டத்தில் இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பலகாரம் அல்ல. பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிக்கு எங்களுக்கு வரும், கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும். சிறுபயற்றை வறுத்து, தொலி நீக்கி, மில்லில் கொடுத்துப் பொடித்து வைப்பதை என் அம்மா 20-ஆம் தேதிக்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் 23-ஆம் தேதி இரவு எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் கருப்பட்டிப் பாகு காய்ச்சுவார்கள். வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்த மாவில் பாகை ஊற்றியதும், சூடு ஆறுவதற்குள் நெல்லிக்காய் அளவில் உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் மாவு இறுகி உதிரத் தொடங்கும், உருண்டை பிடிக்காது. ஓரிருவரால் ஆகிற வேலை அல்ல, எட்டுப் பத்துக் கைகள் வேண்டும். கை சுடுகிறது என்று கத்திக்கொண்டே உருட்டுகிற அந்த அரைமணி நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் கையிலும் கைப்பேசி இருப்பதில்லை, அது எங்கள் கண்டிப்பினால் அல்ல, கருப்பட்டியின் பிசுபிசுப்பினால். பிறகு மூன்று மூன்று உருண்டைகளாக மஞ்சள்பொடி கலந்த அரிசி மாவுக் கரைசலில் முக்கி, ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் விடுவது மனைவியின் வேலை.

அச்சுமுறுக்கு இப்போது மகன் கைக்குப் போய்விட்டது. முதல் ஆண்டு அவன் சுட்டதில் பத்துக்கு ஏழு அச்சைவிட்டுக் கழலவில்லை. "அச்சு எண்ணெயிலே நல்லா காயட்டும் மக்களே, பிறவு முக்கால்வாசி மட்டும் மாவிலே முக்கு, முழுசா முக்கினா மூடிக்கிடும்" என்று அம்மா நாற்காலியில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தார்கள். அவன் சென்னையில் தன் அறை நண்பர்களுக்கும் சுட்டுக் கொடுத்திருக்கிறான் என்பதை ஒரு புகைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அச்சு காணாமல்போன மர்மமும் அன்றுதான் துலங்கியது.

மூத்தவளுக்கு 2024-இல் தலைக் கிறிஸ்துமஸ், எனவே அந்த ஆண்டு எங்களோடு இருந்தாள். 2025-இல் மார்த்தாண்டத்தில் மாமியார் வீட்டில் இருக்கவேண்டிய முறை. 23-ஆம் தேதி இரவு உருண்டை பிடித்துவிட்டு, 24-ஆம் தேதி காலையில் கிளம்பினாள். 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனையில் எங்கள் வரிசையில் ஓரிடம் காலியாக இருந்ததையும், ஆப்பமும் ஆட்டுக்கறியும் சாப்பிடும்போது மனைவி ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே கொண்டுபோனதையும் இங்கே எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். அன்று மாலை அவளும் மருமகனும் வந்த பிறகே கேக் வெட்டினோம்.

இளையவளோடு எனக்கு நடந்த சண்டை கேரல் குழுவைப் பற்றியது. வாலிபர்கள் டிரம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய், கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்து, நள்ளிரவு தாண்டித் திரும்புவது எங்கள் சபையில் நடைமுறை. அவளை ஒன்பது மணியோடு திரும்பிவிடச் சொன்னேன். "அண்ணனை மட்டும் பதிமூணு வயசிலே விட்டீங்களேப்பா" என்று கேட்டாள். அவன் பையன் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை, அதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கடைசியில் அவளோடு நானும் போனேன். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அப்பா கூடவே வருவது எவ்வளவு சங்கடம் என்பது தெரியும் என்பதால், குழுவுக்கு ஐம்பதடி பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது வீட்டில் டிரம்மைத் தூக்கச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

பண்டிகைக்கு மறுநாள் குடும்பத்தோடு முட்டம் கடற்கரைக்குப் போவது எங்கள் பழைய வழக்கம். 2004-இல் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால், ஆராதனைக்குப் போய்விட்டு மாலையில் போகலாம் என்று வைத்திருந்தோம். கோவிலை விட்டு வெளியே வந்தபோது கடல் ஊருக்குள் வந்த செய்தி வந்துவிட்டிருந்தது. குளச்சல் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அன்று மாலை பலகாரத் தகரங்களும் புதுத்துணிகளும் போயின. அதன்பிறகு 26-ஆம் தேதி நாங்கள் கடல் பக்கம் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போகலாம் என்றும் யாரும் சொன்னதில்லை.

2025-இல் மூத்தவள்தான் கேட்டாள். 2009-இல் பிறந்த தங்கை அந்தக் கடற்கரைக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை என்பதை அவள் எப்போதோ கணக்கிட்டு வைத்திருந்தாள். அம்மாவையும் காரில் முன்னால் உட்காரவைத்து எல்லோரும் போனோம். முட்டத்துப் பாறைகளின் மேல், மீதியிருந்த முந்திரிக்கொத்துத் தூக்குவாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, 2004-ஐப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று தங்கை கேட்டாள். அன்று ஐந்து வயதாக இருந்த மூத்தவளுக்கு அலையைப் பற்றியோ செய்தியைப் பற்றியோ ஒன்றும் நினைவில்லை. சரிகை வைத்த தன் நீலக் கவுனை நான் மடித்துப் பையில் போட்டதும், ஒரே ஒரு நாள்தானே போட்டேன் என்று சொல்லி அழுததும், பாட்டி தன்னைத் தூக்கிப்போய் ஓர் அச்சுமுறுக்கைக் கையில் கொடுத்ததும் நினைவிருக்கிறதாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "கவுன் நீலம் இல்ல மக்களே, பச்சை" என்றார்கள். வீட்டுக்கு வந்து பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம். பச்சைதான்.