செல்லாத தபால்தலைகளும் 144 ஃப்ளைகளும்

கடைசிப் பெட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நேற்று செய்தி வந்தது. மூச்சு வந்தது எனக்கு. ஃப்ளை என்றால் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலக் கட்டும் மீன்பிடி இரை. அதை நாடு விட்டு நாடு மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் ஒன்றை நடத்த நானே வலியப் போய் ஒப்புக்கொண்டேன். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஏற்பாடு வழக்கமானதுதான். என்னையும் சேர்த்து 12 பேர், 7 நாடுகள். ஆளுக்கு ஒரு பேட்டர்னில், அதாவது ஒரே வடிவமைப்பில், 12 ஃப்ளை கட்டி எனக்கு அனுப்ப வேண்டும். நான் பிரித்து, எல்லோருடைய கைவேலையிலும் ஒவ்வொன்று இருக்கும்படி திருப்பி அனுப்ப வேண்டும். ஆள் சேர்ப்பது, யார் எதைக் கட்டுவது என்று முடிவு செய்வது எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. கட்டுவதிலும் சிக்கல் இல்லை. தபால்தான் ஆளைக் கொன்றது.

முதல் தப்பு என்னுடையது. "திருப்பி அனுப்பும் தபால் செலவை உள்ளேயே வைத்துவிடுங்கள்" என்று அறிவிப்பில் எழுதியிருந்தேன். உள்நாட்டு ஸ்வாப்களில் எழுதிப் பழகிய வரி, கை தானாக எழுதிவிட்டது. சொன்னபடியே எல்லோரும் அவரவர் நாட்டுத் தபால்தலைகளைப் பத்திரமாக மடித்து வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு நாட்டுத் தபால்தலை இன்னொரு நாட்டிலிருந்து கிளம்பும் பார்சலுக்குச் செல்லாது என்பது உறைகளைப் பிரித்து மேசையில் பரப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அழகான தபால்தலைகள் வேறு!

ஒரே ஒருவர் மட்டும் விவரமாக சர்வதேச மறுமொழிக் கூப்பன் ஒன்றை வைத்திருந்தார், வேறு நாட்டில் கொடுத்து அந்த நாட்டுத் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு. 1906இல் ரோமில் கூடிய உலகத் தபால் ஒன்றிய மாநாட்டில் முடிவாகி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பழைய ஏற்பாடு அது. இப்போது பல நாடுகளில் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் விற்காத நாடும் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுத்தாக வேண்டும், விதி அப்படித்தான். கவுண்டரில் இருந்தவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டிபார்ட்மென்ட் சீட்டு இல்லீங்க" என்று தள்ளிவிட்டார். மறுநாள் விதியை அச்செடுத்துக் கொண்டுபோனேன். உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டு வந்தார், மாற்றிக் கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் பார்த்தால், அந்தக் கூப்பனின் மதிப்பு வெளிநாட்டுக்குப் போகும் ஒரு சாதாரணக் கடிதத்துக்கான அடிப்படைக் கட்டணம் மட்டுமே. பெட்டி எடைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டு நாள் அலைச்சலுக்கு அதுதான் கூலி. அதனால் சொல்கிறேன், திருப்பி அனுப்பும் செலவை முன்கூட்டியே பணமாக வாங்கிவிடுங்கள். வேறு வழி யோசிக்காதீர்கள்.

அடுத்தது சுங்கப் படிவம். சி.என்.22இல் உள்ளடக்கம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் "12 ஃப்ளைஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் அதைப் படித்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உயிரோடவா?" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவரையும் தப்பு சொல்ல முடியாது. தேனீ, அட்டை, பட்டுப்புழு எல்லாம் தபாலில் போக அனுமதி உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக்காகப் பழ ஈக்களைக்கூட உயிரோடு அனுப்பலாம். நான்தான் "செயற்கை மீன்பிடி இரை" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சுங்கக் குறியீட்டு எண் 9507.90. இந்த எண்ணையும் சேர்த்து எழுதியபிறகு ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "அன்பளிப்பு" என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள், ஆனால் மதிப்பைப் பூஜ்யம் என்று போடாதீர்கள். பூஜ்யத்தைப் பார்த்தாலே பிரித்துப் பார்க்கத் தோன்றும்.

இறகு விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் சால்மன் ஃப்ளை கட்டியிருந்தார். கன்னத்துக்கு, அதாவது ஃப்ளையின் தலைக்கு இரு பக்கமும், ஜங்கிள் காக் இறகு. தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுதான் அது, மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளி இருக்கும். பறவை இந்தியாவில் பாதுகாக்கப்பட்டது. கடையில் விற்பது வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்த பறவையின் இறகு. பண்ணை இறகு என்பதற்குச் சான்று கேட்டுச் சுங்கத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அவர் ரசீதைத் தொலைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. பெட்டி அவருக்கே திரும்பிப் போனது. பாவம், மனுஷன் மாற்று இறகு வைத்து மறுபடி 12 கட்டி அனுப்பினார். அவர் இடத்தில் நானாக இருந்தால் ஸ்வாப்பே வேண்டாம் என்று போயிருப்பேன்.

நடைபாதையில் கிடந்த இறகுதானே என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வலசைப் பறவையின் உதிர்ந்த இறகை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பும்போது இறகு, ரோமம் எல்லாவற்றையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். தண்ணீரில் போட்ட ஃப்ளை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. புதிதாகக் கட்டியது மட்டும்தான்.

ஒருவர் ஃப்ளைகளில் பெயர்ச் சீட்டே கட்டாமல் அனுப்பிவிட்டார். அவரும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் என்ற பேட்டர்ன், இன்னொருவரும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், இரண்டும் 14ஆம் நம்பர் கொக்கி. பிரிக்கும்போது மேசையில் கலந்துவிட்டன. லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை போனது. கடைசியில் செம்புக் கம்பி சுற்றிய திசைதான் காட்டிக்கொடுத்தது, ஒருவர் நூலுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறவர். கட்டியவர் பெயர், பேட்டர்ன், கொக்கி நம்பர் எழுதிய சின்னச் சீட்டு ஒவ்வொரு ஃப்ளையின் வளைவிலும் கோத்திருக்க வேண்டும். இது இல்லாத பெட்டியை ஏற்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குமிழ் உறையை மட்டும் நம்பி வந்த ஒரு பார்சல் தபால் பிரிக்கும் எந்திரத்தில் அகப்பட்டுச் சப்பையாக வந்தது. கொக்கி முனைகள் உறையைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. தண்ணீர் மேல் மிதக்கும் டிரை ஃப்ளைகளின் ஹேக்கிள், அதாவது சுற்றிலும் நிற்கும் இறகு இழைகள், எல்லாம் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒவ்வொன்றையும் சாமணத்தால் பிடித்து ஆவியில் காட்டினேன். ஐந்தாறு நொடிதான், படுத்திருந்த இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பன்னிரண்டில் பதினொன்று பிழைத்தது. ஒன்றின் கொக்கியே வளைந்துவிட்டது, என் கையிருப்பிலிருந்து அதே பேட்டர்னில் ஒன்று கட்டி, சீட்டில் உண்மையை எழுதி வைத்தேன். எல்லோரையும் 14 கட்டச் சொல்லியிருந்தால் இந்த வேலை மிச்சம்.

திருப்பி அனுப்பும்போது எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கண்காணிப்பு எண்ணோடு அனுப்பினேன். பதினொன்றும் சேர்ந்தன. ஒன்று மட்டும் 54 நாள் எடுத்துக்கொண்டது.

அந்தத் தபால்தலைகள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. ஆறு நாட்டுடையவை, ஒன்றும் பயன்படுத்தவில்லை. அடுத்த ஸ்வாப்பை யார் நடத்தப்போகிறீர்களோ, முகவரி கொடுங்கள், அனுப்பிவிடுகிறேன். உங்கள் நாட்டுடையது ஒன்றிரண்டாவது தேறும்.