5000 மீட்டர் 25 நிமிடத்துக்குள் வந்தாச்சு: தாழ்வாரத்து ரோயிங் குறிப்புகள்

போன வாரம் ரோயிங் மெஷினில், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடுவதுபோல ஹேண்டிலை இழுத்துக் காற்றுச் சக்கரத்தைச் சுற்றும் மெஷினில், 5000 மீட்டரை 24 நிமிடம் 51 விநாடியில் முடித்தேன். சராசரி ஸ்பிளிட் (500 மீட்டருக்கு ஆகும் நேரம்) 2:29.1, ஸ்ட்ரோக் ரேட் (நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு) 20. மானிட்டரைப் படம் எடுத்து வீட்டில் எல்லாரிடமும் காட்டியாகிவிட்டது. வேகமாக இழுக்கிறவர்களுக்கு இது சாதாரண நேரமாகத் தெரியலாம். 93 கிலோவில் இந்த சீட்டில் உட்கார்ந்து 81 கிலோவில் இதை எழுதுகிற எனக்கு இது பெரிய விஷயம். இடுப்புச் சுற்றளவும் 90 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டது. நம் ஊர் ஆண்களுக்கு டாக்டர்கள் சொல்லும் எல்லை அதுதான். தராசைவிட அந்த டேப் அளவுதான் எனக்கு அதிக சந்தோஷம்.

மெஷின் கான்செப்ட்2 மாடல் டி, பி.எம்.5 மானிட்டர். திருச்சியில் மூடிய ஒரு ஜிம்மிலிருந்து பழையதாக வாங்கினேன். எட்டு அடி நீளம், இரண்டு அடி அகலம். பாபநாசம் பக்கத்துப் பழைய வீடு எங்களுடையது. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கரண்ட் போனாலும் இழுக்கலாம் என்பது எங்கள் ஊருக்குப் பெரிய வசதி.

இந்த முறை எழுத வந்தது டிராக் ஃபாக்டர் பற்றித்தான், அதாவது சக்கரத்தைக் காற்று எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று மானிட்டர் காட்டும் எண். ஒரு மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம்.

தை பிறந்தால் இங்கே சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் ஊர் முழுக்க நெல் சுனை, அந்த மெல்லிய தூசி, பறக்கும். எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு வயல் தள்ளிக் களம், வீட்டுக்குள்ளே வானம் பார்த்த முற்றம். காலையில் கூட்டிப் பெருக்கினாலும் சாயங்காலம் திண்ணையில் விரலால் கோடு போடலாம். அந்தச் சமயத்தில்தான் ஹேண்டில் திடீரென்று லேசானது. டேம்பர், அதாவது சக்கரத்துக்குக் காற்று போகும் ஜன்னலைத் திறந்து மூடும் கைப்பிடி, எப்போதும்போல 4. ஆனால் இழுத்தால் பிடிமானமே இல்லை, சக்கரம் முன்னால் ஓடுகிறது, காலுக்கு எதிர்ப்புக் கிடைக்கவில்லை. அதைத் துரத்திப் பிடிக்கப் போய் ஸ்ட்ரோக் ரேட் 24, 25 என்று ஏறியது. 3000 மீட்டரிலேயே மூச்சு வாங்கியது.

மானிட்டரில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே டிராக் ஃபாக்டர்' அழுத்தி, கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் 97. மார்கழியில் அதே டேம்பரில் 118 என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காரணம் புரிந்துவிட்டது. சக்கரத்துக்குக் காற்று கூண்டின் சல்லடைத் துளைகள் வழியாகத்தான் போகிறது. அந்தத் துளை அடைத்தால் உள்ளே காற்று குறையும், சக்கரம் மெதுவாகத்தான் வேகம் இழக்கும், எண் இறங்கும். டேம்பரில் போட்டிருக்கும் 1 முதல் 10 வரையிலான எண் ஜன்னல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, பாரம் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. இரண்டு வீட்டில் இரண்டு மெஷின் 4-இல் இருந்தாலும் இழுவை வேறு வேறாக இருக்கும். அதனால் யாராவது 'நான் 6-இல் இழுக்கிறேன்' என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, டிராக் எத்தனை?

மீட்டர் கணக்கில் தப்பு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் நடுவில் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்று மானிட்டர் அளந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. உடம்புக்குத்தான் வித்தியாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே சல்லடைத் தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், கம்பளித் துணி ஒட்டினாற்போல. நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பினால் துண்டாகவே உரிந்து வந்தது. பிரித்துப் பார்த்தால் நெல் சுனை, துண்டிலிருந்து விழுந்த பஞ்சு, தலைமுடி, நடுநடுவே பதர். பெயின்ட் கடையில் வாங்கிய இரண்டு அங்குல மெத்தென்ற பிரஷ்ஷால் வெளியிலிருந்து உள்ளே தள்ளாமல் ஓரமாக வழித்து எடுத்தேன். பிறகு மச்சான் வீட்டு வாக்கும் கிளீனர். தண்ணீர் பக்கத்தில்கூட வரக்கூடாது. சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவில் விரல் நுழையும் இடத்தில் உலர்ந்த பருத்தித் துணி. மூடியை மாட்டிவிட்டு இழுத்தால் அதே 4-இல் 121! டேம்பரைக் கொஞ்சம் கீழே இறக்கி 118-இல் நிறுத்தினேன். அன்றைக்கே ஸ்ட்ரோக் ரேட் தானாக 20-க்கு வந்துவிட்டது.

வெயிலும் இதில் சேரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஈரக்காற்று இன்னும் குறைந்தது. போன கத்திரியில் பிற்பகலில் பார்த்தபோது மார்கழி விடியலைவிட ஆறேழு எண் குறைவாகக் காட்டியது. அந்த அளவு வித்தியாசத்துக்கு டேம்பரைச் சின்னதாக நகர்த்தினால் போதும். இருபது குறைந்தால் திருப்புளியை எடுங்கள்.

சரி, அடுத்தது திரும்பி வருவது. இழுப்பதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கால், முதுகு, கை. திரும்பும்போது கை, முதுகு, கால். கை, கால்முட்டியைத் தாண்டி, உடம்பு இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்த பிறகுதான் முட்டி மடங்க வேண்டும். தெரிந்தும் அவசரப்படுகிற இடம் இதுதான். 20 ரேட் என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு மூன்று விநாடி. ஒரு விநாடி இழுப்பு, இரண்டு விநாடி வரவு. இந்த இரண்டு விநாடியில்தான் மூச்சு கிடைக்கிறது. அது கிடைத்தால்தான் நீண்ட நேரம் இழுக்க முடியும். நீண்ட நேரம் இழுத்தால்தான் எடை இறங்கும். என் 12 கிலோவில் மெஷின் பங்கு அத்தனையும் இந்த நிதானமான வரவிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்வேன்.

இதைப் பழக்கிக் கொடுத்தவர் எதிர்வீட்டுத் தவில் வித்துவான். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலப்பிரமாணம் ஓடுது. இதைத் திஸ்ரத்துல, மூணு எண்ணிக்கையில வச்சுக்குங்க. தகிட. த-வுல இழுங்க, கிட-வுல வாங்க. கிட-வை முழுங்காதீங்க." செல்போனில் மெட்ரோனோம் 60-இல் வைத்து விநாடிக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு இழுத்தேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. இப்போது மெட்ரோனோம் வேண்டியதில்லை, வாய் தானாகச் சொல்கிறது. ஒரு ஸ்ட்ரோக்குக்கு 10 மீட்டர் ஓடுகிறது. எவ்வளவோ வீடியோ பார்த்தும் கிடைக்காதது தவில்காரர் வாயிலிருந்து கிடைத்தது.

வயிறு பெரிதாக இருக்கிற நிலையில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் வரும்போது தொடை வயிற்றில் இடித்தால் பாதம் வைக்கும் தட்டைக் கீழே இறக்கி மாட்டுங்கள், முட்டியைக் கொஞ்சம் அகலமாக விடுங்கள், முழு தூரம் வரவேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கூன் போட்டு எட்டிப் பிடித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வயிறு குறையக் குறைய தூரம் தானாக நீளும்.

இனி சாப்பாடு. இங்கே ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். 2:30 ஸ்பிளிட் என்பது ஏறக்குறைய 104 வாட்ஸ். 2:20 என்றால் 128. பத்து விநாடி குறைக்கக் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் சக்தி. வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் சக்தி ஏறுவதால் வேகமாக இழுத்துக் கலோரியை விரட்டுவது கடினமான வழி. 25 நிமிடத்துக்கு மானிட்டர் எனக்குக் காட்டுவது 275 கலோரி அளவுக்கு. அதிலும் மணிக்கு 300 கலோரி என்பது 175 பவுண்டு, அதாவது 79 கிலோ உடம்புக்கென்று மானிட்டர் பொதுவாகச் சேர்த்துப் போடும் தொகை. இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு தோசைக்குத் தாராளமாகச் சுற்றி ஊற்றினால் மொத்த ரோயிங்கும் போச்சு. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7700 கலோரி கழிய வேண்டும். மெஷினை மட்டும் நம்பினால் வருஷம் ஓடிவிடும்.

ஆனால் பட்டினி கிடக்கச் சொல்லும் எந்தத் திட்டத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தஞ்சாவூர் ஜில்லாக்காரன் சோற்றை விட்டுவிட்டு எத்தனை நாள் இருப்பான்? விடவில்லை, அளந்தேன். எங்கள் வீட்டு ஆழாக்கில் தலைதட்டி எடுத்த அரிசி தராசில் 140 கிராம், 490 கலோரிக்குப் பக்கம். மதியம் எனக்கென்று அரை ஆழாக்கு அரிசிதான் உலையில் போடுவது. சாம்பாருக்கு ஒரு கரண்டி சாதம், மோருக்கு ஒரு கரண்டி. ரசத்துக்குச் சாதம் கிடையாது, டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுவேன். முதலில் கூட்டும் பொரியலும் காலியாக வேண்டும், அதற்கு மேல்தான் சாதம். அம்மாவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "ஒரு கை சாதத்துல என்னடா ஆயிடப் போவுது, நல்லா சாப்பிட்டாத்தானே இழுக்கத் தெம்பு வரும்" என்று கரண்டியோடு வந்து நிற்பார். இப்போது அவரே கூட்டில் பருப்பைக் கூட்டிப் போடுகிறார்.

புரதத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் இது. சாயங்காலம் பஜ்ஜி, வடைக்குப் பதில் பச்சைப்பயறு சுண்டல் அல்லது கொள்ளு. வாரத்தில் பல நாள் இரண்டு முட்டை. நாகப்பட்டினத்து மீன் வண்டி வரும் நாளில் குழம்பு மீன் உண்டு, வறுவல் கிடையாது. டிகிரி காபி காலையிலும் மூன்று மணிக்கும், அரை ஸ்பூன் சர்க்கரையோடு. அதை நான் விடப்போவதில்லை. திருவையாறு பக்கம் போனால் அசோகா அல்வா ஒரு கப் உண்டு, அன்றைக்கு ராத்திரி மோரும் சுண்டலும் மட்டும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா செய்கிற ஞாயிற்றுக்கிழமையில் இட்லி மூன்றோடு நிறுத்துகிறேன்.

மாப்பிள்ளை சம்பா அரிசி சாப்பிட்டால் எடை குறையுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கலோரி வெள்ளை அரிசிக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தவிடு நீக்காததை மென்றுதான் தின்ன வேண்டும், சீக்கிரம் நிறைந்துவிடும், ராத்திரி பசிக்காது. அந்த வகையில் எனக்கு நன்றாக உதவியது. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் பழைய ரகங்களைத் தேடித்தேடிச் சேர்த்துப் பரப்பியதால்தான் இன்று நம் விவசாயிகளிடம் நேராக வாங்க முடிகிறது. நான் நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் வருஷத்துக்கு ஒரு மூட்டை எடுக்கிறேன். பூங்கார் அரிசியும் தருகிறார். கஞ்சிக்கு அது அருமை.

பொருட்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு: செயினுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணெய். நான் போடுவது தையல் மெஷின் எண்ணெய் மாதிரியான தெளிந்த மினரல் ஆயில், ஒரு ஸ்பூன் அளவு, துணியில் நனைத்துத் துடைப்பது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீட் ஓடும் ரெயிலை ஒவ்வொரு முறையும் இழுத்து முடித்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், கறுப்பு மை மாதிரி வரும். சீட்டுக்குக் கும்பகோணத்தில் மெத்தை தைக்கும் கடையில் ஒரு அங்குல ஃபோம் வெட்டி உறை போட்டு வாங்கினேன். ஆன்லைனில் விற்கும் ஜெல் மெத்தையைவிட இது எவ்வளவோ மேல், விலையும் மிகக் குறைவு. பிய்ந்துபோன ஒரு கால் வாரை பஸ் ஸ்டாண்ட் வாசலில் செருப்பு தைக்கும் அண்ணன் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார். புது வாருக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

எடை இன்னும் 75-க்கு வர வேண்டும். அடுத்து 10,000 மீட்டர், 52 நிமிடத்துக்குள், அதே 20 ரேட்டில். வீட்டுக்காரம்மாவும் சாயங்காலம் உட்கார ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு டிராக் 105 வைத்தால் சௌகரியமாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு டேம்பர் நிலையைப் பெயின்டால் குறித்து வைக்கலாம் என்று பார்த்தால் தூசி சேரச் சேரக் குறி மாறிவிடும். அதனால் முதலில் சக்கரத்துக்கு உறை. பங்குனியில் உளுந்து பிடுங்கி அடிக்கத் தொடங்கினால் மறுபடி தூசிதான். நான்கு முழ வேட்டித் துணியை இரட்டையாக மடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன், அடியில் நாடா வைத்து. இழுக்கும்போது கழற்றிவிட்டு மற்ற நேரம் மூடி வைப்பதாகத் திட்டம். டேம்பர் கைப்பிடி துருத்துகிற இடத்தில் துணி சரியாக உட்காரவில்லை, டெய்லர் இரண்டாவது முறையாக அளவெடுக்க வருகிறேன் என்றிருக்கிறார். உறை போட்ட பிறகு வாரா வாரம் டிராக் எண்ணை எழுதி வைத்து, சித்திரையில் மூடியைத் திறந்து என்ன சேர்ந்திருக்கிறது என்று படத்தோடு போடுகிறேன்.