ஞானப்பல் அறுவை சிகிச்சை: நாற்காலியிலும் அதன் பிறகும்

ஞானப்பல் என்று நாம் சொல்லும் மூன்றாவது கடைவாய்ப்பல் பெரும்பாலோருக்கு 17 வயது முதல் 25 வயதுக்குள் முளைத்துவிடுகிறது. எனக்கோ கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் அது பாதி வெளியே வந்தும் பாதி ஈறுக்குள் புதைந்தும் பல ஆண்டுகள் சும்மா கிடந்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. பல்லை மூடியிருந்த ஈறுக்கு அடியில் உணவுத் துணுக்குகள் தங்கி, அவ்விடம் வீங்கிச் சீழ் பிடித்து, எச்சில் விழுங்கினாலே காதுவரை வலி இழுத்தது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. அன்றே பல்லை எடுத்துவிடுவார்கள் என்று எண்ணிச் சென்ற என்னிடம், சீழ் இருக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது என்று மருத்துவர் விளக்கி, ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீக்கம் வடிந்த பிறகு, முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். முகவாயைத் தாங்கியில் பொருத்தி, முன்பற்களால் ஒரு சிறு குச்சியைக் கடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வந்ததும் வேலை முடிந்தது. படத்தில் என் ஞானப்பல் நிமிர்ந்து நிற்காமல் முன்னால் சாய்ந்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் அந்த நல்ல பல்லும் சொத்தையாகத் தொடங்கியிருந்தது. மருத்துவர் அதைவிட அதிக நேரம் காட்டியது, பற்களின் வேர்களுக்குக் கீழே இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஓடிய கருமையான பாதையைத்தான். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு அதன் வழியாகச் செல்கிறது. வேர் அந்தப் பாதையைத் தொட்டுக்கொண்டிருந்தால், பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கி உதடு மரத்துப்போக வாய்ப்புண்டு. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும் என்றாலும், அரிதாக நிலைத்தும் விடும். சந்தேகமான படங்களில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு இடைவெளி தெளிவாகவே தெரிந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் எவரும், நரம்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற ஒரு கேள்வியையாவது கேட்டுவிட வேண்டும் என்பேன்.

தொல்லை தராத ஞானப்பல்லை எடுக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. சீழும் பக்கத்துப் பல்லின் சொத்தையும் சேர்ந்துவிட்ட என் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கிவிடும் என்று என் அத்தை மட்டும் கடைசிவரை தடுத்துப் பார்த்தார். பார்வை நரம்பும் பல்லுக்குச் செல்லும் நரம்பும் வெவ்வேறு என்று எடுத்துச் சொல்லியும் அவர் சமாதானம் ஆகவில்லை.

முழு மயக்கம் கொடுக்காமல் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்வதால், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஊசி தாடையின் உட்பக்க மூலையில் இறங்கியபோது சுருக்கென்று வலித்தது. மருந்தில் சேர்ந்திருக்கும் அட்ரினலினால் சற்று நேரம் நெஞ்சு படபடக்கலாம், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் கட்டாயம் பயந்திருப்பேன். சில நிமிடங்களில் உதட்டின் ஒரு பாதி என்னுடையது அல்லாததைப் போல் தடித்துக் கிடந்தது. "அழுத்துறது தெரியும் சார், சத்தம் கேட்கும். வலி தெரியக் கூடாது. தெரிஞ்சா இடது கையைத் தூக்குங்க" என்றார் மருத்துவர்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஈறைக் கீறியதை நான் உணரவே இல்லை. பல்லைச் சுற்றியிருந்த எலும்பை டிரில் கொண்டு குறைத்தபோது, சூடேறாமல் இருக்கப் பீய்ச்சிய உப்பு நீர் தொண்டையில் இறங்க இறங்க, உதவியாளர் உறிஞ்சு குழாயால் அதை எடுத்துக்கொண்டே இருந்தார். சாய்ந்த பல்லை அப்படியே வெளியே கொண்டுவர வழியில்லாததால், அதை இரண்டாக வெட்டி, முதலில் தலைப்பகுதியையும் பிறகு வேர்ப்பகுதியையும் நெம்பி எடுத்தார்கள். பல் பிளந்தபோது எழுந்த 'படக்' என்ற ஒலி எலும்பு வழியாக நேரே தலைக்குள் கேட்டது. அறுவை முழுவதிலும் என்னைக் கலங்கடித்தது அந்த ஒலி ஒன்றுதான். கறுப்புப் பட்டு நூலால் தையல் போட்டு முடித்தபோது, வெகுநேரம் திறந்தே இருந்த தாடையின் மூட்டுதான் வெட்டிய இடத்தைவிட அதிகமாக வலித்தது.

உண்மையான சிரமம் வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிறது. மடித்து வைத்த பஞ்சை ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிட வேண்டும். துப்பினாலோ, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலோ, புகைபிடித்தாலோ, குழியில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும்படி ஆகிவிடக்கூடும். மூன்றாம் நாள் வாக்கில் காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவும் கடும் வலியும் துர்நாற்றமும் வந்தால் இதுதான் காரணம், மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். எனக்கு அது வரவில்லை. மரப்பு விலகும் முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னது மிக நல்ல யோசனை.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் உச்சத்தை எட்டும் என்பதை அறியாதவர்கள் கட்டாயம் கலங்கிப் போவார்கள். முதல் நாள் முழுக்கக் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் விட்டுவிட்டுக் கொடுத்தும், மூன்றாம் நாள் கண்ணாடியில் என் வலக்கன்னம் தாடைக்கோடே தெரியாமல் உப்பியிருந்தது. வாய் ஒரு விரலுக்குமேல் திறக்கவில்லை. அறுவைக்கு மறுநாளிலிருந்தே வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்து மெதுவாகத் தலையைச் சாய்த்துக் கொப்பளித்ததும், தலையணையை உயர்த்திப் படுத்ததும் உதவின. சாப்பாடு ஆறிய ரவைக் கஞ்சியும் குழைந்த தயிர் சாதமும்தான். கடுகு குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் தாளிக்காத தயிர் சாதம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாள்களில் காபிகூட வாயில் இரும்பின் சுவையுடன் இறங்கியது. அந்த மருந்து முடிந்து இரண்டு மூன்று நாள்கள் ஆகும்வரை மதுவைத் தொடவே கூடாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு வாரத்தில் தையலைப் பிரித்தபோது வலி ஏதும் இல்லை. குழி தூர்ந்து ஈறு மூடிக்கொள்ளச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதங்களும் ஆகும். அதுவரை சாப்பிட்டபின் அங்கே தங்கும் பருக்கைகளை, மருந்தகத்தில் வாங்கிய ஊசியில்லாச் சிரிஞ்சால் நீர் பீய்ச்சி வெளியேற்றி வருகிறேன். கீழே எதிர்ப்பல் இல்லாததால் மேல்தாடை ஞானப்பல் நாளடைவில் இறங்கி ஈறைக் கடிக்கக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நேராக முளைத்த பல் என்பதால் அதற்கு எலும்பை வெட்ட வேண்டியிருக்காதாம். பக்கத்துப் பல்லின் சொத்தையை அடைத்து முடித்ததும் அதற்கு நாள் குறிப்பதாக இருக்கிறோம்.