அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் படித்தது

2022 ஜூலை 24 அன்று அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் புத்தகங்களை மூன்று முறை முடித்திருந்தேன், மஞ்சள் மார்க்கர் போடாத பக்கம் கிடையாது. உத்தேச விடைகள் வந்ததும் உட்கார்ந்து சரிபார்த்தேன். 200 கேள்வியில் 61 தப்பு. அந்த 61-ஐயும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் நான் படிக்காத பாடமே இல்லை. பக்கம்கூட நினைவில் இருக்கிறது, மேலே இடது ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி, அதில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் இல்லை.

திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன, அந்தப் பழக்கத்தைத்தான் நான் புரிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் செய்த ஒரு பரிசோதனையைப் பின்னால் வாசித்தேன். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரை மறுபடி வாசிக்கவும் சிலரைப் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். தேர்வு யாருக்கும் ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

ஆனால் என்னை மாற்றியது அந்த ஆய்வு இல்லை, அம்மா. அம்மா எட்டாவது வரை படித்தவர். ஒருநாள் சாயங்காலம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "என்னதான்டி படிக்கிற, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்றார். "சொத்துரிமை முன்னாடி அடிப்படை உரிமையா இருந்துச்சும்மா, 1978-ல 44-வது திருத்தத்துல எடுத்துட்டாங்க, இப்ப 300ஏ சட்டப்பிரிவுல இருக்கு" என்று கடகடவென்று சொன்னேன். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏன் எடுத்தாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை படித்த பாடம்.

உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன், போதாமல் நூலகத்துக்கும் போனேன். சுதந்திரம் வந்த கையோடு ஜமீன்களை ஒழிக்க மாகாணங்கள் சட்டம் கொண்டுவந்தன, நம் சென்னை மாகாணத்தில் 1948-லேயே வந்துவிட்டது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, சொத்துரிமை அடிப்படை உரிமை என்பதைப் பிடித்துக்கொண்டு நிலம் வைத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காப்பாற்ற 1951-ல் முதல் திருத்தமும் அதோடு, அடிப்படை உரிமையைக் காட்டி அந்தச் சட்டங்களை ரத்துசெய்ய முடியாதபடி அவற்றைச் சேர்த்துவைக்க ஒன்பதாவது அட்டவணையும் வந்தன. அந்த இழுபறி பல வருடம் நடந்து கடைசியில் 1978-ல் உரிமையே இடம் மாறியது. இதை அம்மாவிடம் வந்து சொன்னபோது, "எங்க தாத்தா ஊரும் ஜமீன் ஊருதான்" என்று ஆரம்பித்து வரி கட்டின கதையெல்லாம் சொன்னார். அதற்கப்புறம் 1, 9, 44, 300ஏ எதுவும் எனக்குக் குழம்பியதே இல்லை. தனித்தனியாக மனப்பாடம் செய்த நான்கு எண்கள் ஒரே கதையாகிவிட்டன.

அன்றிலிருந்து இதுதான் முறை. காலையில் ஐந்து முதல் ஏழு வரை ஒரு பாடம், செல்போன் அடுத்த அறையில். இரண்டு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுவேன், பிறகு திறந்து விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேர்ப்பேன். சாயங்காலம் அம்மா. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அதே பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் மறுபடி எழுதுவேன். முதல் மாதம் வேகம் பாதியாகக் குறைந்தது, பயமாகத்தான் இருந்தது, கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போய்விட்டார்கள், நான் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருந்தேன். அந்தப் பயத்தில் பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் கேள்வியை வாசிப்பது. அந்த 61-ல் 14 தப்பு, விடை தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காததால் போனது. "தவறான கூற்றைத் தேர்ந்தெடு" என்பதைச் சரியான கூற்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூற்று, காரணம் கேள்வியில் இரண்டும் உண்மையாக இருந்தால் போதும் என்று விட்டிருக்கிறேன், அந்தக் காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்று பார்க்கவில்லை. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 நொடிதான், உண்மை. ஆனாலும் கேள்வியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்க இரண்டு நொடி போதும். மாதிரித் தேர்வுகளில் இதையே பழகினேன், ஒரு மாதத்தில் தானாக வந்துவிட்டது.

2024 ஜூன் 9 தேர்வுக்குக் கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து, "முந்தாநாள் சொன்ன அந்த அடிப்படைக் கடமை, மொத்தம் எத்தனைன்னு சொன்ன?" என்று கேட்டார். "முதல்ல பத்து, 1976-ல வந்துச்சு, 2002-ல ஒண்ணு சேர்ந்து பதினொண்ணும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். சேர்ந்த அந்த ஒன்று எது என்று அவர் கேட்பதற்குள் அதையும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.