க்ரானைக் கொன்ற என் ஸ்கிரிப்ட்

பல மெஷின்களிலிருந்து வரும் லாக் வரிகளை வாங்கி ஒரே இடத்தில் சேர்க்க, சி மொழியில் சின்னதாக ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) எழுதியிருந்தேன். யூடிபி 5140 போர்ட்டில் காத்திருக்கும். 1024-க்குக் கீழே இல்லாத போர்ட் என்பதால் ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டாம், தனி யூசர் போதும். சர்வரில் டெபியன் 7 லினக்ஸ்; அப்போது டீமனைத் தொடங்கவும் நிறுத்தவும் இனிட் ஸ்கிரிப்ட்தான் வழி. ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட், ஸ்டேட்டஸ் நான்கையும் எழுதி ஓட்டினேன். ஓடியது. ரீபூட் செய்தேன், எழவில்லை.

அரை நாள் தேடிய பிறகு புரிந்தது. டீமன் தன் பிஐடி எண்ணை (ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சிஸ்டம் தரும் எண்) /வார்/ரன் அடியில் நான் உருவாக்கிய ஃபோல்டரில் எழுதும். அந்த /வார்/ரன் என்பது /ரன்னுக்குப் போகும் இணைப்பு. /ரன் இருப்பது நினைவகத்தில், ரீபூட் ஆனால் எல்லாம் காலி. ஃபோல்டரை மறுபடி உருவாக்க என் தனி யூசருக்கு உரிமை கிடையாது. சரி, அழியாத இடத்துக்கே போவோம் என்று பிஐடி கோப்பை /வார்/லிப் பக்கம் மாற்றினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

சில வாரம் கழித்து மின்சாரம் போய் வந்தது. லாக் எதுவும் வரவில்லை, ஆனால் ஸ்டேட்டஸ் கேட்டால் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றது. ரீஸ்டார்ட் கொடுத்தேன், உடனே சரியாகிவிட்டது. அப்புறம் அதை மறந்தே போனேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் இரவு பேக்கப் நடக்கவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் டீமனான க்ரான் செத்துக் கிடந்தது.

கொன்றது நான்தான். பழைய பிஐடி கோப்பில் 2147 என்று இருந்தது. என் ஸ்கிரிப்ட் 'கில் -0' போட்டு அந்த எண்ணில் ஏதாவது ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. யார் என்று கேட்கவில்லை. பூட் ஆகும்போது எல்லா டீமன்களும் ஏறக்குறைய அதே வரிசையில் எழுவதால் எண்களும் நெருங்கியே விழும். இந்த முறை 2147 க்ரானுக்குப் போயிருந்தது. அதனால் ஸ்டார்ட், என் டீமன் ஏற்கெனவே ஓடுகிறது என்று நினைத்து சும்மா திரும்பியது; என் ரீஸ்டார்ட் க்ரானுக்கு, முடித்துக்கொள் என்று சொல்லும் டெர்ம் சிக்னல் அனுப்பியது.

திருத்தம் சிறியதுதான். பிஐடி கோப்பு மறுபடி /ரன்னுக்கே போனது. ரூட்டாக ஓடும் ஸ்டார்ட் பகுதியே முதலில் ஃபோல்டரை உருவாக்கி யூசரிடம் ஒப்படைக்கிறது. கில் வரிகளை எடுத்துவிட்டு ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன் என்ற டெபியன் கருவியை எக்ஸெக் தேர்வுடன் போட்டேன். அந்த எண்ணில் ஓடுவது என் நிரல்தானா என்று அது சரிபார்க்கும். (பைத்தானில் எழுதியிருந்தால் இது அவ்வளவாக உதவாது, எல்லாமே பைத்தான் என்றுதான் தெரியும்.) நிறுத்தும்போது 'டெர்ம்/30/கில்/5' என்று ரீட்ரை கொடுத்தேன்: 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டாயக் கொலை. முன்பு ஒரு விநாடி தூங்கிவிட்டு மறுபடி தொடங்குவேன். பழையது போர்ட்டை விடுவதற்குள் புதியது வந்து, முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்று விழும். ஸ்கிரிப்டின் தலைப்பில், தொடங்குமுன் நெட்வொர்க் தேவை என்ற வரியையும் அப்போதுதான் சேர்த்தேன்.

டெபியன் 8-க்கு மாறியபோது இனிட் ஸ்கிரிப்டுகளின் இடத்தில் சிஸ்டம்டி வந்தது. அது ப்ராசஸ்களை சிகுரூப் (ப்ராசஸ்களைக் குழுக்களாக வைக்கும் கெர்னல் வசதி) வழியாகக் கண்காணிப்பதால் பிஐடி கோப்பே தேவைப்படவில்லை. ஸ்கிரிப்ட் பத்துப் பதினைந்து வரி யூனிட் கோப்பாகச் சுருங்கியது. டீமன் தானாகப் பின்னணிக்குப் போவதற்காக எழுதியிருந்த சி நிரல் பகுதியையும் அன்றே வெட்டி எறிந்தேன்.