சத்திரத்துச் சோற்றுக் கவிஞர்

டோக்கியோவின் உயெனோவில் இறங்கும்போதே மழை. குடை ஹோட்டலில். நனைந்த சட்டையோடு தேசிய அருங்காட்சியகத்துக்குள் ஓடினேன். 2025 மே மாதம். டோக்கியோவுக்கு ‘எதோ’ என்று பெயர் இருந்த காலத்துப் பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவுக்கு அங்கே சிறப்புக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஓவியர் உதாமாரோ வரைந்த அழகிகள் முன்னால் கூட்டம் மொய்த்தது. நான் போய் நின்றது சுதாயா வெளியிட்ட ஒரு சின்னப் புத்தகத்தின் முன்னால்.

‘அசுமாபுரி கியோக்கா புங்கோ’, 1786. ஐம்பது நகைச்சுவைக் கவிஞர்களின் உருவங்கள், மரக்கட்டையில் செதுக்கி வண்ணத்தில் அச்சிட்டவை. கியோக்கா என்றால் ‘பைத்தியக்காரப் பாட்டு’. பழைய அரசவைக் கவிதையின் அதே 31 அசைதான், உள்ளே இருப்பது கேலியும் சிலேடையும். படமும் அப்படியே. அந்தக் காலத்து மகாகவிகளை வரையும் தோரணையில், பட்டும் பகட்டுமாக உட்கார வைத்திருக்கிறார் ஓவியர் கிதாவோ மசானொபு. உட்கார்ந்திருப்பதோ குளியல் கடைக்காரரும் சின்ன உத்தியோகத்து சாமுராயும்!

கண்ணாடிக்குள் ஒரு விரிப்புதான் தெரிந்தது. மீதியை இரவு இணையத்தில் புரட்டினேன். பெயர்களே பாதிச் சிரிப்பு. குளியல் கடைக்காரரின் பெயர் மோதோ நோ மொகுவாமி. நம் ஊர் ‘பழைய குருடி, கதவைத் திறடி’ மாதிரியான ஒரு பழமொழி அது. அவர் மனைவி சியே நோ நைஷி: காதில் விழும்போது அரண்மனைப் பெண்ணின் பட்டம், பிரித்தால் ‘அறிவு கிடையாது’. ஹிமேஜி பிரபுவின் தம்பி வைத்துக்கொண்ட பெயர் ‘பிட்டம் சுட்ட குரங்கன்’. பிரபு வீட்டுப் பிள்ளை!

எனக்குப் பிடித்தவர் தொகுப்பாசிரியர் யதோயா நோ மெஷிமோரி, ‘சத்திரத்தில் சோறு போடுபவர்’. நிஜமாகவே சத்திரம் நடத்தியவர். வானையும் பூமியையும் அசைப்பது கவிதை என்று கொக்கின்ஷூ என்ற பழைய அரசவைக் கவிதைத் தொகுப்பின் முன்னுரை பெருமை பேசும். இவர் பாட்டின் சாரம் இது: கவிஞன் சொதப்புவதே நல்லது, வானும் பூமியும் ஆட ஆரம்பித்தால் யார் தாங்குவது? நிலநடுக்க நாட்டில் இருந்துகொண்டு கேட்கிறார்.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆட்சியில் கெடுபிடி வந்தது. 1791இல் சுதாயாவின் சொத்தில் பாதி அபராதமாகப் போனது, மசானொபுவுக்கு 50 நாள் கைவிலங்கு. அதே ஆண்டு மெஷிமோரியையும் ஏதோ பொய்ப் புகாரில் எதோவை விட்டே விரட்டினார்கள்.

அவருடைய சத்திரம் இருந்தது கொதென்மாச்சோவில். மறுநாள் உயெனோவிலிருந்து ஹிபியா ரயிலில் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினேன். அலுவலகக் கட்டடங்கள், சைக்கிள்கள். கொஞ்ச தூரத்தில் சுதாயாவின் கடை இருந்த இடம் என்று ஒரு விளக்கப் பலகை, அவ்வளவுதான். பசி வேறு. சந்துக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் சாப்பாடு கேட்டேன். பரிமாறிய அம்மாள் சோற்றுக் கிண்ணத்தைக் காட்டி, “ஓமோரி?” என்றார். குவித்துப் போடவா என்று அர்த்தம். மெஷிமோரியில் இருக்கும் அதே ‘மோரி’. நான் ஏன் சிரித்தேன் என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. கிண்ணம் நிறையப் போட்டுக் கொடுத்தார்.