தடைக்காலத்தில் ஜின் ரம்மி: பாம்பன் நாட்குறிப்பு

ஏப்ரல் 17

பாம்பன் தெற்குவாடியில் மதிய வெயிலுக்கு எல்லாரும் பந்தலுக்குள் வந்துவிடுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. காலையில் வலை வேலை, படகுக்குப் பெயின்ட். மதியம் சீட்டு. ஆனால் வழக்கமான பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு ஆள் சேர மாட்டேன் என்கிறது, பெரும்பாலும் இரண்டு பேர்தான் மிஞ்சுகிறார்கள். இரண்டு பேருக்கென்றே உள்ள ஆட்டம் ஜின் ரம்மி. அதைக் கற்கும்போது வரும் சந்தேகங்களையும் அவற்றுக்கான தீர்ப்புகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். காசு கிடையாது, பாயிண்ட் மட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஜின் கற்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை, பதின்மூன்று சீட்டு ரம்மியின் விதிகளையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அதனால் எது இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஜோக்கர் இல்லை. ஒரே கட்டு, 52 சீட்டு. செட் என்றால் ஒரே எண்ணில் மூன்று அல்லது நான்கு சீட்டு, ரம்மி என்றால் ஒரே சின்னத்தில் வரிசையாக மூன்றோ அதற்கு மேலோ. ஜோக்கர் சேராத ஒரிஜினல் ரம்மி கட்டாயம் இல்லை, சேர்க்கைகள் மூன்றுமே செட்டாக இருந்தாலும் செல்லும். ஸ்கூட், அதாவது கை சரியில்லை என்று பாதியில் விலகிக்கொள்வது, இல்லை. ஏஸுக்கு ஒரு பாயிண்ட்தான், பத்து இல்லை. ஏஸ் இரண்டுக்குக் கீழேதான் நிற்கும்: ஏஸ்-2-3 செல்லும், ராணி-ராஜா-ஏஸ் செல்லாது. ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பத்துப் பத்து. மற்றதெல்லாம் முகத்தில் உள்ள எண்.

ஏப்ரல் 18

ஆளுக்குப் பத்துச் சீட்டு. இருபத்தோராவது சீட்டைத் திறந்து கீழே வைக்க வேண்டும். மீதி 31 கவிழ்த்த கட்டு.

முதல் சுற்றிலேயே தகராறு வந்தது. திறந்த சீட்டு யாருக்கு? சீட்டுப் போடாதவருக்குத்தான் முதல் உரிமை. அவர் வேண்டாம் என்றால் போட்டவர் எடுக்கலாம். அவரும் வேண்டாம் என்றால், போடாதவர் கட்டிலிருந்து மேல் சீட்டை எடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார். "எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், அப்பறம் நானே எப்படி எடுக்குறது?" என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றது திறந்த சீட்டைத்தான், முறையை அல்ல. இது முதல் சுற்றுக்கு மட்டுமே உள்ள ஏற்பாடு. அதன்பின் வழக்கம்போல் கட்டிலிருந்தோ கீழே கிடப்பதிலிருந்தோ ஒன்று எடுத்து, ஒன்று இறக்க வேண்டும்.

கீழே கிடந்ததை எடுத்தால் அதே முறையில் அதையே திரும்ப இறக்கக் கூடாது. கட்டிலிருந்து எடுத்ததைத் தாராளமாக இறக்கலாம்.

ஏப்ரல் 21

இன்று முழுக்கத் 'தட்டு' பற்றித்தான் பேச்சு. பதின்மூன்று சீட்டில் எல்லாச் சீட்டும் சேர்ந்தால்தான் டிக் அடித்து ஆட்டத்தை முடிக்க முடியும். ஜின்னில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. எதிலும் சேராத சீட்டுகளை இங்கே மிச்சம் என்கிறோம். மிச்சத்தின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் பலகையைத் தட்டி ஆட்டத்தை முடிக்கலாம்.

எப்போது எண்ணுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எடுத்த பிறகு கையில் பதினொன்று இருக்கும். அதில் ஒன்றை இறக்கிய பிறகு மிஞ்சும் பத்தில்தான் மிச்சக் கணக்கு. சேராதவை 3, 4, ராஜா என்று வைத்துக்கொள்வோம். ராஜாவை இறக்கினால் மிச்சம் 7, தட்டலாம். பதினேழு என்று எண்ணிப் பயந்து உட்கார்ந்திருந்தால் எதிராளி முந்திக்கொள்வார். தட்டும்போது இறக்கும் சீட்டைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். அதுவே அடையாளம்.

மிச்சம் பத்துக்குள் வந்ததும் தட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. பொறுத்திருந்து எல்லாவற்றையும் சேர்க்கலாம். மிச்சம் பூஜ்யம் ஆனால் அது ஜின், அதற்குத் தனி போனஸ். பொறுப்பதில் ஆபத்தும் உண்டு, அதை மே மாதம் எழுதுகிறேன்.

பத்துக்கு மேல் வைத்துக்கொண்டு தவறாகத் தட்டினால்? எதிராளி தன் சீட்டை இன்னும் காட்டவில்லை என்றால், தட்டியவர் தன் கையைத் திறந்த நிலையிலேயே வைத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கடுமையான தண்டனைதான். ஆனால் அதன்பின் யாரும் எண்ணாமல் தட்டுவதில்லை.

ஏப்ரல் 25

தட்டிய பிறகு நடப்பதுதான் ஜின்னின் உயிர். சண்டையும் அங்கேதான். பதின்மூன்று சீட்டில் ஒருவர் டிக் அடித்தால் மற்றவர் தன் கையை எண்ணிவிட்டுப் போகவேண்டியதுதான். ஜின்னில் மற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. தட்டியவர் காட்டிய செட்டிலும் ரம்மியிலும் தன் சேராத சீட்டுகளை ஒட்டலாம்.

"மச்சான், அது நான் கஷ்டப்பட்டுச் சேர்த்தது. அதுல நீங்க ஏன் வந்து ஒட்டணும்?"

"விதியே அப்படித்தான் மாப்ள. நீ முழுசாச் சேர்க்காம தட்டினல்ல, அதுக்குக் கொடுக்குற விலை அது."

மச்சான் சொன்னதைவிட நன்றாக விளக்க முடியாது. இன்று மேசையில் வந்த கையை அப்படியே எழுதுகிறேன்.

தட்டியவர் காட்டியது: ஆட்டின் (ஹார்ட்) 4-5-6-7. ஸ்பேடு, டைமண்ட், கிளாவர் (கிளப்) ஒன்பதுகள் மூன்று. மிச்சம் கிளாவர் ஏஸ், டைமண்ட் 2, ஸ்பேடு 3. ஆக 6.

எதிராளி கையில்: ராஜா மூன்று. சேராதவை ஆட்டின் 3, ஆட்டின் 8, ஆட்டின் 9, டைமண்ட் ராணி, ஸ்பேடு ஜாக்கி, கிளாவர் 5, கிளாவர் 2. அப்படியே எண்ணினால் 47.

இப்போது ஒட்ட வேண்டும். ஆட்டின் 3 ரம்மியின் முன்னால் போகும். ஆட்டின் 8 பின்னால். ஆட்டின் 9-க்கு இரண்டு வழி: எட்டுக்குப் பின்னாலும் போகலாம், ஒன்பதுகளோடும் போகலாம். இந்தக் கையில் எங்கே போனாலும் ஒன்றுதான். கையில் ஆட்டின் 10-ம் இருந்திருந்தால் ஒன்பதை ரம்மியில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்துக்கு இடம் இருக்காது. மிஞ்சியது ராணி 10, ஜாக்கி 10, 5, 2. ஆக 27. இதிலிருந்து தட்டியவரின் 6 கழித்தால் 21. தட்டியவருக்கு 21 பாயிண்ட். ஒட்டாமல் விட்டிருந்தால் 41 போயிருக்கும்.

இதில் மூன்று கேள்வி வந்தது, மூன்றுக்கும் பதில் 'கூடாது' என்பதே. தட்டியவர் எதிராளியின் ராஜாக்களில் தன் மிச்சத்தை ஒட்டலாமா? கூடாது. தட்டியவரின் மிச்சத்தில் கிடக்கும் சீட்டோடு எதிராளி தன் சீட்டைச் சேர்த்துப் புதிதாக செட் போடலாமா? கூடாது, ஏற்கெனவே முழுமையான செட்டிலும் ரம்மியிலும் மட்டுமே ஒட்டலாம். தட்டியவர் ஜின் போட்டிருந்தால் ஒட்டலாமா? ஒரு சீட்டுகூட ஒட்டக் கூடாது.

ஏப்ரல் 26

நேற்றைய பேச்சின் தொடர்ச்சி. ஒட்டுவதற்கு முன் எதிராளி தன் கையை வேறு மாதிரி அடுக்கிப் பார்க்கலாமா என்று தங்கச்சிமடத்திலிருந்து வந்த தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அடுக்கலாம், அடுக்கத்தான் வேண்டும். தட்டியவர் ஆட்டின் 4-5-6 காட்டுகிறார், எதிராளியிடம் ஏழு நான்கும் ஆட்டின் 8-ம் இருக்கின்றன. நான்கு ஏழையும் செட்டாகவே வைத்தால் எட்டு மிச்சமாகிவிடும். ஆட்டின் ஏழைப் பிரித்து ரம்மியில் ஒட்டினால் அதன் பின்னால் எட்டும் போகும், மீதி மூன்று ஏழு செட்டாக நிற்கும். மிச்சம் பூஜ்யம். ஏழு மூன்றுதான் இருந்தால் பிரிக்கக் கூடாது: எட்டைக் காப்பாற்றப்போய் இரண்டு ஏழு, அதாவது 14, கையில் நிற்கும்.

ஒரு சீட்டு ஒரே நேரத்தில் ஒரு சேர்க்கையில்தான் இருக்க முடியும். ஏழு மூன்று, அவற்றில் ஒன்று கிளாவர், கூடவே கிளாவர் 8, 9. செட்டாக வைத்தால் மிச்சம் 17, ரம்மியாக வைத்தால் 14. கிளாவர் 10 வந்துவிட்டால் இரண்டுமே நிற்கும்.

மே 2

அண்டர்கட். தட்டியவரின் மிச்சத்தைவிட, ஒட்டி முடித்த பிறகு எதிராளியின் மிச்சம் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் வெற்றி எதிராளிக்கு. சமம் என்றாலும் தட்டியவர் தோற்றார் என்பதை நம்பவே மறுக்கிறார்கள். ஆனால் அதுதான் விதி. தட்டியவர் 9, எதிராளி 4 என்றால் வித்தியாசம் 5, போனஸ் 25, ஆக எதிராளிக்கு 30. இருவரும் 9 என்றால் வித்தியாசம் இல்லை, வெறும் 25.

ஜின்னை அண்டர்கட் செய்ய முடியாது. ஜின் போட்டவருக்கு எதிராளியின் மிச்சமும் 25-ம். எதிராளியிடம் 32 இருந்தால் 57.

இந்த 25 எல்லா ஊருக்கும் பொதுவானதல்ல. ஜின்னுக்கு 20, அண்டர்கட்டுக்கு 10 என்றும் ஆடுகிறார்கள். இரண்டும் சரியே. சீட்டைக் கலைக்கும் முன்பே எந்தக் கணக்கு என்று சொல்லிவிட வேண்டும். தட்டிய பிறகு பேச ஆரம்பித்தால் தீராது.

மே 6

அக்னி நட்சத்திரம். கச்சான் காற்று பந்தலுக்குள் புகுந்து கீழே கிடக்கும் சீட்டுகளைக் கலைத்துவிட்டது. ஜின்னில் இது சின்ன விஷயம் இல்லை, இறக்கிய சீட்டுகளின் வரிசை கலைந்தால் எடுக்கக்கூடிய மேல் சீட்டு எது என்பதே தெரியாமல் போகும். இறக்குவதற்கு ஓரம் வைத்த ஒரு தட்டும், கவிழ்த்த கட்டின் மேல் ஒரு சங்கும் போதும். உப்புக் காற்றில் காகிதச் சீட்டு ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும், ஒன்று எடுக்கப்போய் இரண்டு வரும். பிளாஸ்டிக் சீட்டுதான் இந்தக் கரைக்கு. மணல் ஒட்டினால் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் போதும்.

மே 11

மொத்தக் கணக்கு. முதலில் 100 எட்டியவரோடு ஆட்டம் முடியும். அப்போது அவருக்கு ஆட்ட போனஸ் 100. எதிராளி ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை என்றால் 200. அதோடு வென்ற ஒவ்வொரு கைக்கும் இருவருக்கும் 25.

கைக்கு 25 என்பதை அவ்வப்போதே கூட்டிவிடுகிறார்கள். கூட்டினால் ஆட்டம் பாதியிலேயே முடிந்துபோகும். அது 100-க்கான ஓட்டத்தில் சேராது, கடைசியில் மட்டும் சேர்க்க வேண்டும். நோட்டில் ஒவ்வொரு கையும் முடிந்ததும் வென்றவர் பக்கம் மொத்தத்தை எழுதி அடியில் கோடு போட்டால், கடைசியில் கோடுகளை எண்ணினாலே எத்தனை கை என்று தெரிந்துவிடும்.

இன்றைய ஆட்டம்: ஒருவர் 104, ஐந்து கை. மற்றவர் 63, மூன்று கை. முன்னவருக்கு 104 + 100 + 125 = 329. பின்னவருக்கு 63 + 75 = 138. வித்தியாசம் 191.

மே 15

கட்டில் இரண்டு சீட்டுதான் பாக்கி, யாரும் தட்டவில்லை. மூன்றாவது கடைசிச் சீட்டை எடுத்தவர் தட்டாமல் இறக்கினால் அந்தக் கை ரத்து. பாயிண்ட் இல்லை, அதே ஆள் மறுபடி போடுவார். அந்தக் கடைசி இறக்கலை மற்றவர் எடுத்துத் தட்டலாம் என்று ஆடுகிறவர்களும் உண்டு, நாங்கள் அனுமதிப்பதில்லை. இறக்கியவற்றைக் கலைத்து மீண்டும் கட்டாக்குவது ஜின்னில் கிடையாது. சாதாரண கையில் அடுத்துச் சீட்டுப் போடுகிறவர் தோற்றவர்.

மே 24

விதி பழகிவிட்டது. இப்போது கேட்பதெல்லாம் எப்போது தட்டுவது என்றுதான். முதல் நாலைந்து முறைக்குள் பத்துக்குள் வந்துவிட்டால் தட்டிவிடுவது நல்லது. அப்போது எதிராளி கையில் ராஜா, ராணி எல்லாம் இன்னும் கிடக்கும். கட்டு பாதிக்கு மேல் போன பிறகு 9, 10 மிச்சத்தோடு தட்டுவது அண்டர்கட்டுக்கு அழைப்பு. அதற்குள் எதிராளியும் குறைத்திருப்பார், உங்கள் ரம்மியில் ஒட்டவும் சீட்டு வைத்திருப்பார். நீண்ட ரம்மி காட்டுகிறவர் இரு முனையையும் திறந்து வைக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். நான்கும் சேர்ந்த செட்டில் யாரும் எதையும் ஒட்ட முடியாது.

பெரிய சீட்டை முதலில் இறக்கச் சொல்வது மிச்சத்துக்காக மட்டும் அல்ல. மூன்று சீட்டு ரம்மி என்று பார்த்தால் ஏழு மூன்று விதமாகச் சேரும்: 5-6-7, 6-7-8, 7-8-9. ராஜாவுக்கு ஜாக்கி-ராணி-ராஜா என்ற ஒரே வழி. ஏஸுக்கும் ஒரே வழிதான், ஆனால் ஏஸ் கையில் நின்றால் ஒரு பாயிண்ட்தான் நஷ்டம்.

ஜூன் 8

இனி சில நாளில் படகு இறங்கிவிடும், ஐஸும் டீசலும் ஏற்றும் பேச்சு தொடங்கிவிட்டது. நன்றாகப் பழகியவர்களுக்கு ஓக்லஹோமா முறையைச் சொன்னோம். எல்லாம் அதேதான். திறந்து வைக்கும் முதல் சீட்டு அந்தக் கையின் தட்டு எல்லையைத் தீர்மானிக்கும், அதுமட்டும் வேறு. 4 திறந்தால் மிச்சம் 4-க்குள் இருந்தால்தான் தட்டலாம். ராஜா, ராணி, ஜாக்கி திறந்தால் பத்து. ஏஸ் திறந்தால் ஜின் போட்டே ஆக வேண்டும் என்பது பலர் ஆடும் வழக்கம். திறந்தது ஸ்பேடு என்றால் அந்தக் கையின் பாயிண்ட் இரட்டிப்பு. திறந்த சீட்டை யாராவது எடுத்துப் போய்விட்டால் எல்லை மறந்துபோகும், அதனால் போட்டவுடனேயே நோட்டின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதி, ஸ்பேடு என்றால் பக்கத்தில் ஒரு குறியும் போட்டுவிட வேண்டும்.